பழைய பிரிட்டிஷ் டிவி காமெடி: ரசித்துப் பார்க்கவும் பத்திரப்படுத்தவும் ஒரு முழுமையான வழிகாட்டி

1969-ல் பிபிசி ஒளிபரப்பிய 'டாட்ஸ் ஆர்மி' தொடரின் இரண்டு எபிசோடுகள் 2001-ல் ஒரு தோட்டக் கொட்டகையிலிருந்து திரும்பி வந்தன. எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் குப்பையில் போட்டிருந்த பிலிம் சுருள்களை 1970களில் ஒருவர் எடுத்துப்போய் வைத்திருந்தார். பல வருட ஈரத்தில் டப்பாக்கள் துருவேறிவிட்டன, உள்ளே இருந்த படம் தப்பித்தது. பிபிசியிடமே அந்த எபிசோடுகள் இல்லை. இன்று டிவிடி வட்டில் நாம் பார்ப்பது அந்தக் கொட்டகைப் பிரதியைச் சுத்தம் செய்து எடுத்ததுதான்.

இது தெரிந்த நாளிலிருந்து எந்தப் பழைய காமெடியைப் பார்க்க உட்கார்ந்தாலும் எனக்குள் முதலில் எழும் கேள்வி, இந்தப் பிரதி எப்படித் தப்பியது என்பதுதான். சங்க நூல்களுக்காக உ.வே.சா. ஊர் ஊராக ஏடு தேடிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கையில் வந்து சேர்ந்த பிரதியின் கதையும் அந்தப் படைப்பின் கதையோடு சேர்ந்ததே. எங்கே தொடங்குவது, எதைக் கவனிப்பது, எந்தப் பிரதியை வாங்குவது, நம் வீட்டு நாடாவை எப்படிக் காப்பது, காணாமல் போன ஒன்று கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: சின்னதாகத் தொடங்குங்கள்

முதலில் 'ஃபால்டி டவர்ஸ்'. மொத்தமே 12 எபிசோடுகள். 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு. ஜான் கிளீஸும் கானி பூத்தும் சேர்ந்து எழுதி, இருவருமே நடித்தார்கள். டார்க்கி என்ற கடலோர ஊரில் ஒரு சின்ன ஹோட்டல். அதன் முதலாளி பேசில் ஃபால்டிக்கு வாடிக்கையாளர்களைக் கண்டாலே ஆகாது. பணக்காரர், பட்டம் பெற்றவர் யாராவது வந்தால் மட்டும் இடுப்பு வளைந்துவிடும். 1974-ல் முதல் ஸ்கிரிப்டைப் படித்த பிபிசியின் மதிப்பீட்டாளர், இது தேறாது என்று குறிப்பு எழுதி அனுப்பினார். 2000-ல் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட் தொழில்துறையினரிடம் வாக்கெடுத்துத் தயாரித்த நூறு சிறந்த பிரிட்டிஷ் டிவி நிகழ்ச்சிகளின் பட்டியலில் அதுவே முதலிடம் பிடித்தது.

ஒரு நாளைக்கு ஓர் எபிசோடுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் கடிகார இயந்திரம் மாதிரி கட்டப்பட்டது. ஐந்தாவது நிமிடத்தில் யாரோ சாதாரணமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் இருபத்தைந்தாவது நிமிடத்தில் பேசிலின் தலையில் வந்து விழும். 'கோர்மே நைட்' எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மனிதர்களை மட்டும் அழைத்த விருந்தன்று சமையல்காரர் குடித்துவிட்டு விழுந்துகிடக்கிறார். வேறொரு உணவகத்திலிருந்து வாத்துக்கறி வர வேண்டும். அதை வாங்கிவரும் பயணத்தில் கார் நின்றுவிடுகிறது. பேசில் மரக்கிளை ஒன்றை ஒடித்து வந்து, வாத்தியார் மாணவனை அடிப்பதுபோல் காரை அடிக்கிறார். தனியாக வெட்டி எடுத்துப் பார்த்தால் அது வெறும் கோமாளித்தனம். இருபது நிமிடம் அவருடைய அவமானத்தைச் சேர்த்துக் கட்டிய பிறகு பார்த்தால்தான் அந்த அடியில் ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கையும் தெரியும். அதனால்தான் துண்டுக் காட்சிகளாகப் பார்க்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

அடுத்தது 'எஸ் மினிஸ்டர்' (1980–84), அதன் தொடர்ச்சியான 'எஸ், ப்ரைம் மினிஸ்டர்' (1986–88). எழுதியவர்கள் ஆன்டனி ஜே, ஜோனதன் லின். புதிதாகப் பதவியேற்ற அமைச்சர் ஜிம் ஹாக்கருக்கும், எதையும் நடக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் நிரந்தரச் செயலாளர் சர் ஹம்ஃப்ரிக்கும் இடையே நடக்கும் இழுபறிதான் கதை. ஒரு எபிசோடில் ஒரு மருத்துவமனை வரும். நிர்வாக ஊழியர்கள் 500 பேர் இருப்பார்கள், நோயாளி ஒருவர்கூட இருக்கமாட்டார். ஆனாலும் அது மிகச் சிறப்பாக நடக்கும் மருத்துவமனை என்று சர் ஹம்ஃப்ரி மனப்பூர்வமாக வாதாடுவார். ஒரு கோப்பு மேசை மேசையாக நகர்வதைப் பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு இதில் விளக்கமே தேவையில்லை. 2001-ல் இதை 'ஜி மந்திரிஜி' என்ற பெயரில் ஸ்டார் பிளஸ் இந்தியில் எடுத்தது. அரசு இயந்திரம் எங்கேயும் ஒரே மொழிதான் பேசுகிறது.

இவை இரண்டும் பிடித்துவிட்டால் 'டாட்ஸ் ஆர்மி', 'பாரிட்ஜ்', 'ஸ்டெப்டோ அண்ட் சன்', 'பிளாக்ஆடர்' என்று போகலாம். பிளாக்ஆடரை மட்டும் இரண்டாம் தொடரிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் தொடரில் எழுத்து இன்னும் தன் தாளத்தைக் கண்டுபிடித்திருக்கவில்லை.

படி 2: வர்க்க ஏணியைப் படித்துவிடுங்கள்

இந்தக் காமெடிகளில் சிரிப்பு பிறக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: தான் நிற்கும் படியை ஏற்றுக்கொள்ள முடியாத மனிதன். அது புரியாவிட்டால் பாதி வசனம் காற்றில் போய்விடும்.

இதற்கு ஒரு சின்னப் பாடம் இருக்கிறது. 1966-ல் 'த ஃப்ராஸ்ட் ரிப்போர்ட்' நிகழ்ச்சியில் மூன்று பேர் வரிசையாக நிற்கும் ஒரு காட்சி. நெடிய ஜான் கிளீஸ் மேல்வர்க்கம், நடுத்தர உயரமுள்ள ரானி பார்க்கர் நடுத்தர வர்க்கம், குள்ளமான ரானி கார்பெட் உழைக்கும் வர்க்கம். ஒருவர் மற்றவரை ஏன் அண்ணாந்து பார்க்கிறேன், ஏன் குனிந்து பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். இந்த உறவால் தனக்குக் கிடைப்பது என்ன என்று கடைசியில் கேட்கும்போது, கழுத்துவலி என்பார் கார்பெட். இரண்டு நிமிடம்கூட ஓடாது. இதைப் பார்த்துவிட்டு டாட்ஸ் ஆர்மிக்குப் போங்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். படையில் சேர வயது கடந்தவர்களும் சேர முடியாதவர்களும் வால்மிங்டன்-ஆன்-ஸீ என்ற கற்பனை ஊரில் ஊர்க்காவல் படையாகச் சேர்கிறார்கள். வங்கி மேலாளர் மேனரிங் தன்னைத் தானே கேப்டனாக்கிக் கொள்கிறார். அவருக்குக் கீழே சார்ஜென்ட் வில்சன், வங்கியிலும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். ஆனால் வில்சன் பிறந்தது நல்ல குடும்பத்தில், படித்தது பணக்காரர்களின் பள்ளியில். பேச்சும் நடையும் அவருக்கு இயல்பாக வரும். மேனரிங்கோ உழைத்து ஏறியவர். பதவியில் மேலே இருந்தாலும் பிறப்பில் கீழே இருப்பது அவருக்கு ஒவ்வொரு நிமிடமும் குத்துகிறது. "இது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறீர்களா சார்?" என்கிற மாதிரி வில்சன் மெல்லக் கேட்கும்போதெல்லாம் அந்தக் குத்தலைத்தான் கேட்கிறோம். ஆர்தர் லோவும் ஜான் லெ மெஷரியரும் இதைக் கண்ணாலும் மூச்சாலுமே நடித்தார்கள். அவர்கள் இருவரும் பேசாமல் நிற்கும் இடங்களை நான் இரண்டாம் முறை ஓட்டிப் பார்ப்பேன்.

படி 3: காதைப் பழக்குங்கள்

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் முதல் ஒரு வாரம் ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொள்வதில் குறையொன்றுமில்லை. 'ஸ்டெப்டோ'வின் லண்டன் பேச்சும், 'டாட்ஸ் ஆர்மி'யில் ஃப்ரேசரின் ஸ்காட்லாந்து உச்சரிப்பும் பழக நேரம் எடுக்கும். ஆனால் சில இடங்களில் சப்டைட்டிலே நகைச்சுவையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

'த டூ ரானிஸ்' நிகழ்ச்சியின் 1976-ஆம் ஆண்டுக் கடைக் காட்சி இதற்கு நல்ல உதாரணம். வாடிக்கையாளர் 'ஃபோர் கேண்டில்ஸ்' என்கிறார். கடைக்காரர் நான்கு மெழுகுவர்த்திகளை எடுத்து வைக்கிறார். அவர் கேட்டதோ 'ஃபோர்க் ஹேண்டில்ஸ்', அதாவது தோட்டவேலைக் கவைக்கு மாட்டும் கைப்பிடிகள். உழைக்கும் வர்க்கப் பேச்சில் 'ஹ' ஒலி விழுந்துபோவதால் இரண்டும் ஒரே சத்தமாகிவிட்டன. நம் காளமேகப் புலவரின் சிலேடையை ரசிக்கும் காதுக்கு இது எளிதாகப் பிடிபடும். சப்டைட்டிலை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

இன்னொரு வகை, சொல் அல்ல, சொல்லப்படும் நேரம். டாட்ஸ் ஆர்மியின் 1973-ஆம் ஆண்டு எபிசோடில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கேப்டன், தன்னை அவமதிப்பவர்களின் பெயர்களை ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டே வருகிறார். படையில் ஆகச் சின்னவனான பைக், ஹிட்லரைக் கேலி செய்து பாடிவிடுகிறான். உன் பெயர் என்ன என்று ஜெர்மானியர் கேட்கிறார். சொல்லாதே பைக் என்று கத்துகிறார் மேனரிங். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு முன்னால் ஐந்து வருடப் பாத்திரப் படைப்பு நின்றிருந்தது. தொடர் 1968-ல் தொடங்கியது. பையனைக் காப்பாற்ற அவசரப்படும் பாசமும், முட்டாள்தனமும் ஒரே மூச்சில் வருகின்றன.

சிரிப்பொலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் தொடர்களில் பெரும்பாலானவை ஸ்டூடியோவில் முந்நூறு பேர் அளவிலான பார்வையாளர்கள் முன்னால் நாடகம் போல நடித்துப் பதிவானவை. சிரிப்பு அடங்கும் வரை நடிகர் காத்திருப்பதைக் கவனியுங்கள். அந்தக் காத்திருப்பில் முகத்தில் ஓடுவதுதான் நடிப்பின் உச்சம். சிரிப்பொலி எரிச்சல் தருகிறது என்பவர்களிடம், அதை நாடகக் கொட்டகையின் கைதட்டலாக நினைத்துக் கேட்டுப் பாருங்கள் என்பேன்.

படி 4: ஏன் அழிந்தன என்று தெரிந்துகொள்ளுங்கள்

1956-ல் ஆம்பெக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த குவாட்ரூப்ளெக்ஸ் முறையில் 2 அங்குல அகல நாடாவில்தான் அன்றைய நிகழ்ச்சிகள் பதிவாயின. நாடாவின் விலை அதிகம். அதன் பெரிய வசதியாகக் கருதப்பட்டதே, அழித்துவிட்டுத் திரும்பப் பதிவு செய்யலாம் என்பதுதான். பிள்ளைகளின் சிலேட்டுப் பலகை மாதிரி. இன்றைய பாடத்தை அழித்தால்தான் நாளைய பாடத்துக்கு இடம்.

விலை மட்டும் காரணமல்ல. நடிகர் சங்கமும் இசைக்கலைஞர் சங்கமும் மறுஒளிபரப்புக்குக் கடுமையான வரம்பு வைத்திருந்தன. பழையதையே போட்டுக்கொண்டிருந்தால் புதிதாக வேலை கிடைக்காது என்ற நியாயமான பயம் அது. வரம்பு தாண்டிய நிகழ்ச்சியை வைத்து நிறுவனத்துக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. 1967 ஜூலை 1-ல் பிபிசி 2 வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. 1969 நவம்பர் 15-ல் பிபிசி 1-ம் தனியார் ஒளிபரப்பான ஐடிவியும் வண்ணத்துக்கு மாறின. அதன் பிறகு கறுப்பு வெள்ளைக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? வீட்டுக்கு வீடு வீடியோ வரும், பழைய நிகழ்ச்சியைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அன்று யாரும் கற்பனை செய்யவில்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. காப்பது யாருடைய வேலையாகவும் இல்லை. பிலிம் நூலகம் பிலிமைப் பார்த்துக்கொண்டது. நாடாக்கள் பொறியியல் பிரிவிடம் இருந்தன. வெளிநாட்டுக்கு விற்கும் பிலிம் பிரதிகள் பிபிசி எண்டர்பிரைசஸிடம் இருந்தன. மற்றவரிடம் இருக்கும் என்று நம்பி ஒவ்வொருவரும் தங்களிடமிருந்ததை அப்புறப்படுத்தினார்கள். பிலிமையும் வீடியோ நாடாவையும் சேர்த்துக் காக்கும் பொறுப்புடன் முறையான நூலகம் பிபிசியில் அமைந்தது 1978-ல்தான்.

இழப்பின் அளவு தொடருக்குத் தொடர் மாறுகிறது. டாட்ஸ் ஆர்மியின் 80 எபிசோடுகளில் 77 இருக்கின்றன. டோனி ஹான்காக்கின் 'ஹான்காக்ஸ் ஹாஃப் ஹவர்', ஜானி ஸ்பைட் எழுதிய 'டில் டெத் அஸ் டூ பார்ட்', 'த லைக்லி லாட்ஸ்' மூன்றுக்கும் அடி பலம். பீட்டர் குக்கும் டட்லி மூரும் நடித்த 'நாட் ஒன்லி... பட் ஆல்சோ'வின் கதை மனதை உடைக்கும். நாடாவுக்கான பணத்தைத் தாங்களே தருகிறோம், அழிக்காதீர்கள் என்று கேட்டும் பலனில்லை. 1970-ல் வந்த வண்ணத் தொடரில் ஸ்டூடியோ பகுதிகள் முழுவதும் போய்விட்டன. வெளியில் பிலிமில் எடுத்த துண்டுகள் மட்டும் மிஞ்சின.

ஐடிவி பக்கத்தில் இன்னொரு விதமான ஆபத்து. அது பல பிராந்திய நிறுவனங்களின் கூட்டு. உரிமம் போனால் நிறுவனமே கலைந்துவிடும். ரீடிஃப்யூஷன் 1967-ல் தயாரித்த 'அட் லாஸ்ட் த 1948 ஷோ'வில்தான் ஜான் கிளீஸ், கிரகாம் சாப்மன், மார்ட்டி ஃபெல்ட்மன், டிம் புரூக்-டெய்லர் நால்வரும் ஒன்றாக நடித்தார்கள். அடுத்த வருடமே நிறுவனம் உரிமத்தை இழந்தது. வெகுகாலம் கையிலிருந்தது ஸ்வீடன் டிவிக்காக வெட்டி ஒட்டிய தொகுப்புகள்தான். தயாரிப்பாளர் டேவிட் ஃப்ராஸ்ட் இறந்த பின், 2014-ல் அவருடைய சேகரிப்பிலிருந்து இரண்டு முழு எபிசோடுகள் கிடைத்தன.

படி 5: பிரதியை அடையாளம் காணுங்கள்

கண்ணைப் பழக்கிக்கொண்டால் படத்தைப் பார்த்தே அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடலாம்.

வீட்டுக்குள் நடக்கும் காட்சி வழவழவென்று நேரலை மாதிரி ஓடும், வாசலைத் தாண்டியதும் சினிமா மாதிரி மாறிவிடும். பிரதியில் கோளாறு இல்லை. ஸ்டூடியோ காட்சிகள் வீடியோ நாடாவில், நொடிக்கு 50 புலங்களாக, அதாவது பாதிப் பாதிப் படங்களாகப் பதிவானவை. வெளிக்காட்சிகள் 16 மிமீ பிலிமில், நொடிக்கு 25 முழுப் படச்சட்டங்கள். 'மான்டி பைதான்' குழு இதையே ஒரு காட்சியாக்கியது. வெளியே எட்டிப் பார்ப்பவர்கள், தாங்கள் இருக்கும் அறையைச் சுற்றிலும் பிலிம் சூழ்ந்திருப்பதைக் கண்டு பதறுவார்கள்.

முழு எபிசோடும் கறுப்பு வெள்ளையாக, லேசாகத் தெளிவு குறைந்து, அசைவு சினிமா மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் டெலிரெகார்டிங். டிவி திரைக்கு முன்னால் பிலிம் கேமராவை வைத்துப் படம்பிடித்த பிரதி. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காக இப்படிச் செய்தார்கள். மூல நாடா அழிந்த பின் உலகெங்கும் சுற்றிய இந்தப் பிலிம்கள்தான் ஏராளமானவற்றைக் காப்பாற்றின. இதிலிருந்து பழைய வழவழப்பான அசைவைக் கணினியில் மீட்கும் முறைக்கு விட்ஃபயர் என்று பெயர்.

வண்ணத்தை மீட்ட கதை இதைவிட அதிசயமானது. வண்ண நிகழ்ச்சியைக் கறுப்பு வெள்ளைத் திரையில் ஓட்டிப் படம்பிடிக்கும்போது, வண்ணச் சமிக்ஞை மிக நுண்ணிய புள்ளிகளாகத் திரையில் தெரியும். வடிகட்டி போட்டு அதை மறைத்திருக்க வேண்டும். சில சமயம் மறைக்காமல் விட்டுவிட்டார்கள். அந்தப் புள்ளிகள் பிலிமிலும் பதிந்துவிட்டன. நாற்பது வருடத்துக்குப் பிறகு, பிபிசியைச் சேர்ந்த சிலர் அந்தப் புள்ளிகளைக் கணினியால் படித்து இழந்த வண்ணத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். டாட்ஸ் ஆர்மியின் 'ரூம் அட் த பாட்டம்' எபிசோட் இப்படித்தான் 2008 டிசம்பரில் மறுபடி வண்ணத்தில் ஒளிபரப்பானது. யாரோ தீட்டிய வண்ணம் இல்லை இது. 1969-ல் நடிகர்கள் உடுத்தியிருந்த அதே வண்ணம்.

அப்பன்-மகன் கதையான 'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடரின் எல்லா எபிசோடும் இருக்கின்றன. 1970 தொடரின் பெரும்பகுதி வண்ணத்தில் எடுக்கப்பட்டும் கறுப்பு வெள்ளையில், கோடுகளோடு நடுங்கும் படமாகத்தான் கிடைக்கிறது. காரணம், எழுத்தாளர்கள் ரே கால்ட்டனும் ஆலன் சிம்சனும் தங்கள் சொந்த உபயோகத்துக்காக ஷிபாடென் என்ற ஆரம்பகால வீடியோ இயந்திரத்தில் எடுத்துவைத்த பிரதி அது. தரம் போதவில்லை என்று விலகிவிடாதீர்கள். இரண்டாவது நிமிடத்தில் படத்தை மறந்து அந்த அப்பனையும் மகனையும் மட்டும் பார்ப்பீர்கள்.

படி 6: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஆன்லைன் தளங்களில் இன்று இருப்பது அடுத்த மாதம் இராது. பிடித்த தொடரை வட்டாக வாங்கி வையுங்கள். பழைய டிவி நிகழ்ச்சிகளை அக்கறையோடு வெளியிட்ட நெட்வொர்க் நிறுவனம் 2023-ல் மூடப்பட்டது. அதன் வட்டுகள் பல இனிப் பழைய பொருளாகத்தான் கிடைக்கும்.

பிரிட்டிஷ் டிவிடி மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5. புளூ-ரேயில் பிரிட்டன் பி, இந்தியா சி. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படத்தின் வடிவம் 4:3 ஆக இருக்க வேண்டும். அகலத் திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டிய பதிப்பை வாங்காதீர்கள். முழு உருவத்தையும் காட்டும்படி அமைத்த காட்சியில் பேசிலின் நீளக் கால்கள் வெட்டுப்பட்டால் பாதி நகைச்சுவை போயிற்று. உள்ளே ஒலித்த பாட்டுகளின் உரிமை கிடைக்காமல் இசையை மாற்றிய பதிப்புகளும் உண்டு. ஓடும் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பிபிசியின் அரை மணி நேர எபிசோட் 28–30 நிமிடம் இருக்கும். 22 நிமிடம் என்று போட்டிருந்தால் விளம்பர இடைவேளைக்காக வெட்டியது.

படி 7: புண்படுத்தும் காட்சிகளைத் தெரிந்தே பாருங்கள்

நம் மக்களைக் கேலிப்பொருளாக்கிய காட்சிகள் இவற்றில் இருக்கின்றன. தேவ்லாலி ராணுவ முகாமில் நடக்கும் 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்' (1974–81) தொடரில் வெள்ளைக்கார நடிகர் மைக்கேல் பேட்ஸ் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு இந்தியராக நடித்தார். 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' (1977–79) ஆங்கில வகுப்பில் ஒவ்வொரு நாட்டவரும் அவரவர் தேசத்தின் கேலிச்சித்திரமாகவே வருவார்கள். அதில் சீக்கியர் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். வெள்ளையர்கள் சாயம் பூசிக்கொண்டு நம் பாத்திரங்களைத் தின்ற காலத்தில், அந்தக் கேலிச்சித்திரம்தான் அவரைப் போன்றவர்களுக்குத் திறந்த கதவு. சிரிக்கும்போது அதுவும் எனக்கு நினைவுக்கு வரும்.

2020 ஜூனில் 'ஃபால்டி டவர்ஸ்' எபிசோட் ஒன்றை ஒரு தளம் எடுத்துவிட்டு, எச்சரிக்கைக் குறிப்போடு மறுபடி சேர்த்தது. குறிப்புப் போடுவது சரி. வெட்டுவது தவறு என்பதே என் எண்ணம். அன்று நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இவை சாட்சி. குழந்தைகளோடு பார்த்தால் நிறுத்திப் பேசுங்கள்.

படி 8: வீட்டு நாடாக்களைக் காப்பாற்றுங்கள்

1980, 90களில் டிவியிலிருந்து பதிவு செய்த விஎச்எஸ் நாடா உங்கள் பரணில் இருக்கலாம். எங்கள் வீட்டிலும் இருந்தது. டிஜிட்டலாக மாற்றித் தருகிறேன் என்ற ஒரு கடைக்காரர் பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே இயந்திரத்தில் ஓட்டி, நடுவில் அறுத்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த நாற்பது நிமிடம் இனி இல்லை. அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

நாடாவின் கண்ணாடிச் சன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. ஓட்டவே கூடாது. இயந்திரமும் கெடும், அடுத்து போடும் நாடாக்களுக்கும் அது பரவும். தனிப்பையில் போட்டு, நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

நன்றாக இருக்கும் நாடாவின் முதுகில் இடது மூலையில் உள்ள பிளாஸ்டிக் காதை முதலில் உடைத்துவிடுங்கள். தவறிக்கூட அதன் மேல் பதிவு விழாது. முழுவதும் ஒரு முறை முன்னே ஓட்டி, பின்னே சுற்றி, பிறகு போடுங்கள்.

நல்ல நிலையில் உள்ள விசிஆர், முடிந்தால் எஸ்-வீடியோ இணைப்பு, படம் நடுங்காமல் இருக்க டைம் பேஸ் கரெக்டர். நம் ஊர் நாடாக்கள் பால் (PAL) என்ற வண்ண டிவி முறையில் பதிவானவை. 720×576 அளவில், புலங்களைக் கலைக்காமல், எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாத வடிவில் சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 20–30 ஜிபி ஆகலாம். அதுதான் உங்கள் மூலப்பிரதி. பார்ப்பதற்கும் அனுப்புவதற்கும் அதிலிருந்து சின்னதாக எம்பி4 எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பளபளப்பாக்கும் மென்பொருளை மூலப்பிரதியின் மேல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். அது இல்லாத முகத்தை வரைந்து வைக்கும். விளம்பரங்களையும் அறிவிப்பாளரையும் வெட்ட வேண்டாம். நாம் பொருட்படுத்தாத அந்த இரண்டு நிமிடம் வேறு எங்குமே மிஞ்சாமல் போயிருக்கலாம்.

மூன்று பிரதிகள் வையுங்கள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறொரு வீட்டில். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றுங்கள். பிபிசியே தன் 2 அங்குல நாடாக்களை 1990களில் டி3 என்ற டிஜிட்டல் நாடாவுக்கு மாற்றியது. சில வருடங்களில் டி3 இயந்திரமே கிடைக்காமல் போக, அவ்வளவையும் மறுபடி கணினிக் கோப்புகளாக மாற்ற வேண்டி வந்தது.

டிஜிட்டல் ஆனதும் நாடாவைத் தூக்கிப் போடாதீர்கள். புத்தகம் மாதிரி நிமிர்த்தி, ஸ்பீக்கர் பக்கத்தில் இல்லாமல், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் காற்றிலேயே ஈரமும் உப்பும் இருக்கிறது. பரண் வேண்டாம், தரையும் வேண்டாம், உள்ளறை அலமாரி நல்லது.

படி 9: காணாமல் போனது கையில் கிடைத்தால்

1968-ஆம் ஆண்டு 'மோர்கம் அண்ட் வைஸ்' நிகழ்ச்சியின் இரண்டு எபிசோடுகள் சியரா லியோனில் பாழடைந்த ஒரு திரையரங்கில் கிடைத்தன. அதே இருவரின் 1970-ஆம் ஆண்டு எபிசோட் ஒன்று எரிக் மோர்கமின் வீட்டுப் பரணில் மகன் கையில் கிடைத்து, 2021 கிறிஸ்துமஸுக்கு ஒளிபரப்பானது. பிபிசி பிலிம்களை வாங்கிய நாடுகளில் சிங்கப்பூரும் உண்டு. பழைய திரையரங்குச் சாமான்கள், பிலிம் சேகரித்தவர்களின் வீடுகள், மூடிய பள்ளிகளின் கிடங்குகள் எதையும் ஒதுக்க முடியாது.

பிலிம் டப்பா கிடைத்தால் திறந்து மோந்து பாருங்கள். புளிக்காடி வாசம் அடித்தால் பிலிமின் அடிப்பொருளான அசிடேட் சிதைய ஆரம்பித்துவிட்டது, அவசரம் என்று பொருள். புரொஜெக்டரில் ஓட்டாதீர்கள், கழுவாதீர்கள், இழுத்துப் பிரிக்காதீர்கள். டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு, பிலிமின் தொடக்கத்தில் எழுதியிருப்பது, ஓரத்தில் அச்சான குறிகள் மூன்றையும் படமெடுங்கள். 16 மிமீ பிலிமில் அரை மணி நேர எபிசோட் சுமார் 1,100 அடி இருக்கும். சுருளின் அளவை வைத்தே முழுமையா, துண்டா என்று ஊகிக்கலாம்.

பிறகு பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட்டின் தேசியக் காப்பகத்துக்கோ, பழைய டிவி நிகழ்ச்சிகளைத் தேடும் கலைடாஸ்கோப் அமைப்புக்கோ எழுதுங்கள். இன்ஸ்டிட்யூட் 1993 முதல் 'மிஸ்ஸிங் பிலீவ்டு வைப்டு' என்ற பெயரில், மீட்டவற்றைத் திரையிட்டு வருகிறது. பிலிம் யாரிடமிருந்து வந்தது, எந்த நாட்டு ஒளிபரப்பு, எத்தனை சுருள், என்ன நிலை என்று எழுதினால் போதும். பிலிம் சுருள் உங்களுடையதாக இருக்கலாம், நிகழ்ச்சியின் உரிமை ஒளிபரப்பாளருடையது. எனவே இணையத்தில் ஏற்றாதீர்கள். பயமும் வேண்டாம். நகைச்சுவைக் கலைஞர் பாப் மங்க்ஹவுஸ் பிலிம் சேகரித்ததற்காக 1979-ல் வழக்கில் இழுக்கப்பட்டு, பிறகு விடுவிக்கப்பட்டார். அந்தப் பயத்தில் பலர் தங்கள் சேகரிப்பை வெகுகாலம் வெளியே சொல்லவில்லை. மங்க்ஹவுஸ் இறந்த பின் அவர் வீட்டில் குவிந்திருந்த ஆயிரக்கணக்கான நாடாக்களைக் கலைடாஸ்கோப் பட்டியலிட்டபோது, வேறெங்கும் இல்லாத நிகழ்ச்சிகள் அவற்றில் இருந்தன.

டப்பாவின் சீட்டில் தேட வேண்டிய மூன்று பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் டாட்ஸ் ஆர்மி, 1969, இரண்டாம் தொடர், கறுப்பு வெள்ளை: 'த லோன்லினெஸ் ஆஃப் த லாங்-டிஸ்டன்ஸ் வாக்கர்', 'எ ஸ்ட்ரைப் ஃபார் ஃப்ரேசர்', 'அண்டர் ஃபயர்'. நடுவில் உள்ளதன் ஒலி மட்டும் கிடைத்து, 2016-ல் அனிமேஷனாக வந்தது. 2019-ல் மூன்றையும் வேறு நடிகர்களை வைத்துப் புதிதாக எடுத்தார்கள். ஆர்தர் லோவின் முகத்தோடு மூன்றும் இன்னும் வரவில்லை.